எல்லைக் கற்களும் ஊராட்சியும்: பாலக்காடு, இடுக்கி மலையோரத் தமிழர் வரலாற்றில் ஒரு நோக்கு

தமிழர் எல்லையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது இன்று நேற்றன்று. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் வரம்பாக நிறுத்தி, இடைப்பட்ட நிலத்தைத் தமிழ் வழங்கும் உலகமெனக் காட்டினார். சோழர் காலத்துச் செப்பேடுகளை நோக்கின், ஓர் ஊரைக் கொடையாக வழங்குங்கால் பெண்யானையை அவ்வூர் எல்லை நெடுகச் சுற்றி நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டு, நாற்றிசை வரம்பையும் எழுத்தில் பொறித்த செய்தி தெரியவரும். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கல்வெட்டுகளோ, ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த வகையை விரித்துரைக்கின்றன.

முன்னோர் இவ்வளவு அக்கறை காட்டியதற்குக் காரணம் உண்டு. எல்லைக்கல் எங்கு நிற்கிறதோ அங்குதான் வரி யாருக்கு, நீர் யாருக்கு, வழக்கு எந்த மன்றத்தில் என்பன முடிவாகின்றன. குடும்பின் வரம்பு எங்கு முடிகிறதோ அங்குதான் ஏரி வாரியத்தில் யாருடைய பெயர் குடத்தில் விழும் என்பது முடிவாகிறது. இன்றைய மாவட்டம், வட்டம், ஊராட்சி, வார்டு என்பனவும் அக்குடும்புகளின் வழித்தோன்றல்களே. இவ்வுண்மையைப் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கோரத்து வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம். நம் சங்கத்து அன்பர் பலருக்கு அம்மலையோரங்கள் பிறந்த ஊராகவோ, பெண் கொடுத்த ஊராகவோ, உற்றார் உறையும் ஊராகவோ இருத்தலின், இது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று.

கொச்சி அரசின் தீவு

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார், திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. முதலில் பம்பாய் மாகாணத்தோடு இருந்த அந்நாடு 1800-இல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பாலக்காடு அதன் ஒரு வட்டம். 1866-இலேயே அந்நகருக்கு நகரசபை வாய்த்தது. ஆயினும் அவ்வூர்க் குடிமகன் கலெக்டரைக் காணவேண்டுமாயின் எண்பது மைலளவு கடந்து கோழிக்கோடு செல்லவேண்டியிருந்தது.

பாலக்காட்டு நகருக்கு மிக அண்மையிலுள்ள சித்தூர் வட்டமோ கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. கொச்சி நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒட்டாமல், மலபாருக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் நடுவே தீவுபோல் அது கிடந்தது. சித்தூர்க் குடியானவன் காளைமாடு வாங்கப் பாலக்காட்டுச் சந்தைக்குச் சென்றால் ஓர் அரசை விட்டு மற்றோர் அரசுக்குள் புகுந்தவனாவான். கடிதம் எழுதினாலும் கொச்சிக்கென்று தனி அஞ்சல்; அது இந்தியத் தபாலோடு இணைந்தது 1951-இல்தான். நிலத்தகராறென்றால் அருகிலிருந்த பாலக்காட்டை விடுத்துத் திருச்சூரையும் எர்ணாகுளத்தையும் நோக்கி நடக்கவேண்டும். மண் ஒன்று, மழை ஒன்று, ஆறு ஒன்று. கச்சேரி மட்டும் இரண்டு. இரண்டும் தொலைவில்!

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. 1957 ஜனவரி முதல் நாள் பழைய மலபார் ஜில்லா மூன்றாகப் பகுக்கப்பட்டுப் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. சித்தூரும் அதனுள் வந்து சேர்ந்தது. பல தலைமுறைகளாகத் தீவாய்க் கிடந்த வட்டத்தார் அண்டை நகரிலேயே கலெக்டர் கச்சேரியைக் காணும் பேறு பெற்றனர். எல்லைக்கோடு மக்களுக்கு நன்மை செய்யவும் வல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

1956-இல் விழுந்த பெருங்கோடு

நன்மையை நினைத்த நாம் மனவருத்தத்தையும் மறைத்தல் ஆகாது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி முதலியோர் தலைமையில், தமிழ் வழங்கும் தென் வட்டங்களோடு தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலை வட்டங்களையும் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் போராடியது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் தெற்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. பசல் அலி தலைமையில் குன்சுரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் தன் அறிக்கையைத் தந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் 1956-இல் சென்னை மாநிலத்தை அடைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழருட் பெரும்பாலோர் வந்துபோகும் கூலிமக்களே என்பதும், அம்மலைகள் மேற்குச் சமவெளியோடு பொருளாதாரத் தொடர்புடையன என்பதும் குழுவினர் காட்டிய காரணங்கள்.

வந்துபோவோர் எனப்பட்டவரின் மக்களும் பேரரும் கொள்ளுப்பேரரும் இன்றும் அம்மலைகளிலேயே தேயிலை கிள்ளுகின்றனர் என்பதை நாம் அறிவோம். எனினும் அப்பெருங்கோட்டை மீண்டும் வரையப் புகுதல் நம் கருத்தன்று. இரு மாநிலத்தாரும் ஒரே நாட்டின் மக்கள். மாநில எல்லை ஒருமுறை வரைந்து அமைந்துவிட்டது; ஆனால் அதனுள் அடங்கிய மாவட்டம், வட்டம், ஊராட்சி, வார்டு என்னும் சிறுகோடுகள் அடிக்கடி அழித்து எழுதப்படுகின்றன. குடிநீர்க் குழாயும், பிறப்புச் சான்றும், பள்ளிக்கூடத்து ஆசிரியரும் வந்து சேர்வது அச்சிறுகோடுகளின் வழியே. பெருங்கோட்டுக்காகக் கண்ணீர் சிந்திய நம்மவர் சிறுகோடுகள் வரையப்பட்ட நாட்களில் கண்ணயர்ந்திருந்தனர் என்பதே நாம் எடுத்துரைக்க விழையும் செய்தி.

இடுக்கி பிறந்த கதை

1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன்தேவன் கம்பெனி உருவாயிற்று. மலையில் சாலை போட்டதும், மருந்துச்சாலை வைத்ததும், மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சிறு ரயில் ஓட்டியதும் கம்பெனியே. அந்த ரயிலை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. ஆட்சி என்றால் அங்கு அரசன் அல்லன், துரையும் கங்காணியுமே.

கேரளம் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. மறையூரிலுள்ள ஒருவர் கலெக்டரைக் காண நூறு மைலளவு மலையிறங்கவேண்டும். 1972 ஜனவரி 26-ஆம் நாள் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களோடு எர்ணாகுளம் மாவட்டத்துத் தொடுபுழாவையும் சேர்த்து இடுக்கி மாவட்டம் அமைக்கப்பட்டது. தலைமையிடம் சில ஆண்டுகள் கோட்டயத்திலேயே தங்கி, 1976-இல் பைனாவுக்கு ஏறியது. மாவட்டம் பிறந்தபின்னும் அதன் தலைமையிடம் அதன் எல்லைக்கு வெளியே நான்காண்டு இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. மூணாற்றிலிருந்து பைனாவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதை. மறையூராருக்கோ தமிழ்நாட்டு உடுமலைப்பேட்டை ஐம்பது கிலோமீட்டருக்குள் அமைந்தது. அவர்தம் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. நீர் ஒரு திசை. மனு மற்றொரு திசை.

இவ்விடத்தில் பாலக்காட்டையும் இடுக்கியையும் இணைக்கும் சுவையான செய்தி ஒன்று உண்டு. கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டம் என்னும் பெயர் முன்னர் இடுக்கிக்கு இருந்தது. குட்டம்புழாப் பகுதி எர்ணாகுளத்திற்குச் சென்றபின் அப்பெயர் பாலக்காட்டை அடைந்தது. 2023 செப்டம்பரில் குட்டம்புழாக் கிராமத்தின் 12,718 ஹெக்டேர் நிலம் இடமலைக்குடிக் கிராமத்தோடு சேர்க்கப்படவே, இடுக்கி 4,612 சதுரக் கிலோமீட்டராகிப் பாலக்காட்டின் 4,482-ஐ முந்தியது. ஒரு மரமும் இடம்பெயரவில்லை. ஒரு குடியும் வீடு மாறவில்லை. ஏட்டில் ஒரு கோடு நகர, இரு மாவட்டங்களின் பெருமை இடம் மாறிற்று.

வழியில்லா ஊர்: பரம்பிக்குளம்

எல்லையின் இடரை நேரில் காண விழைவோர் பரம்பிக்குளம் செல்லட்டும். அது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் முதலமடை ஊராட்சிக்குட்பட்டது. ஆனால் மோட்டார் செல்லும் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப் சிலிப் வழியேதான் அமைந்தது. தம் ஊராட்சி அலுவலகத்திற்குச் செல்ல அவ்வூரார் வேற்று மாநிலத்தின் சோதனைச் சாவடிகளைக் கடந்து பொள்ளாச்சிப் பக்கம் சுற்றவேண்டியவராயினர்.

முன்னாளில் அவ்வூருக்கு மேற்கே ஒரு வழி இருந்தது. 1907-இல் கொச்சி அரசு, காட்டு மரங்களைக் கொணர்தற்காகச் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஐம்பது மைலளவு டிராம் பாதை அமைத்தது. இருப்புப்பாதை அலுவலில் காலங்கழிக்கும் நமக்கு அதன் வரலாறு பெருவியப்பளிப்பது. செங்குத்தான சரிவுகளில் கம்பிவடத்தால் வண்டிகளை ஏற்றி இறக்கிய பாதை அது. 1963-க்குள் அது முற்றும் மறைந்தது. அதே காலத்தில் பரம்பிக்குளம், ஆளியாறு நீர்த்திட்டம் எழுந்தது. 1970-இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லுபடியான உடன்படிக்கையின்படி, கேரள மண்ணிலுள்ள அணைகளைத் தமிழ்நாட்டுப் பொறியாளர் நடத்துகின்றனர். சித்தூர் வயல்களுக்காக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் விடவேண்டும் என்பது விதி. நீருக்கு உடன்படிக்கை எழுதிய இரு அரசுகளும் மனிதர் நடக்கும் வழிக்கு அவ்வளவு கருத்தாக எழுதினவல்ல. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் எல்லைகள் அடைபட்டபோது, அம்மலைப் பழங்குடியினர் அக்டோபர் மாதத்தில் செம்மணாம்பதிப் பக்கம் இறங்கத் தம் கையாலேயே காட்டில் வழி வெட்டத் தொடங்கினர். அவர்கள் ஏந்திய மண்வெட்டி எந்த மனுவினும் உரக்கப் பேசியது.

அட்டப்பாடியின் நிலையும் இத்தகையதே. பவானியும் சிறுவாணியும் கிழக்கே ஓடும் அப்பள்ளத்தாக்கு, மலைக்கு மேற்கேயுள்ள மன்னார்க்காட்டு வட்டத்தில் நெடுங்காலம் அடங்கியிருந்தது. சிறுவாணி நீர் கோவை நகரத்தார் தாகத்தைத் தணிக்கிறது. அட்டப்பாடித் தாய்மாரோ நல்ல மருத்துவத்திற்காக மலைச்சாலை வளைவுகளைக் கடந்தனர். 2013-இல் அங்குப் பச்சிளங்குழந்தைகள் ஊட்டமின்றி மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. பின்னரே அட்டப்பாடி தனி வட்டமாக உயர்த்தப்பட்டது.

கோடு வரைந்தால் போதுமா?

போதாது என்பதற்கு இடமலைக்குடி சான்று. மூணாறு ஊராட்சியின் ஒரு பகுதியாயிருந்த முதுவர் குடிகளைப் பிரித்து 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக்கினர். பாராட்டத்தக்க செயலே. ஆனால் சாலை இன்மையால் அவ்வூராட்சியின் அலுவலகம் பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே இயங்கியது. குடிக்குத் தனி ஊராட்சி வந்தது. ஊராட்சி குடிக்கு வரவில்லை. எல்லைக்கல்லோடு சாலையும், எழுத்தரும், பணமும் உடன்வரல் வேண்டும். 1996-இல் கேரளம் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேலானதை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. பணம் ஊராட்சி வழியே வரத் தொடங்கியபின், எந்த ஊராட்சியின் எந்த வார்டில் உள்ளோம் என்பது சோற்றுக்கும் கூரைக்கும் உரிய கேள்வியாயிற்று.

ஊராட்சியின் உள்ளேயே கண்ணுக்குத் தெரியாத எல்லையொன்று உண்டு; அது தோட்டத்தின் வேலி. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம் முதலிய வசதிகளை முதலாளிமேல் சுமத்தியது. நோக்கம் நல்லது. விளைவோ, தொழிலாளர் வாழும் லயங்களுள் ஊராட்சியின் கை நுழையத் தயங்கியது. சொந்த நிலமில்லாதவருக்கு அரசு வீடு கட்டித் தருவது எங்ஙனம்? 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அவர்களுட் பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்தை வேராகக் கொண்ட தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் மறுநாட் காலைதான் செய்தி வெளியுலகை எட்டியது. இலங்கையிலும் இதே வேலி இருந்தது. அந்நாட்டு 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. கடல் நடுவே கிடப்பினும் லயத்துத் தமிழரின் விதி ஒன்றாகவே இருந்தமை காண்க.

எண்ணிக்கையும் எல்லையும்

மொழியுரிமைக்கும் எல்லைக்கும் உள்ள தொடர்பைப் பலரும் அறியார். 1956-இல் அரசியல் சட்டத்தின் ஏழாந் திருத்தம், தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வழி செய்தது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புக் குறிப்பும், 1961-இல் முதலமைச்சர்கள் கூடி எடுத்த முடிவும், ஒரு பகுதியில் நூற்றுக்குப் பதினைவர் ஒரு மொழியினராயின் முக்கிய அறிவிப்புகள் அம்மொழியிலும் வெளிவரவேண்டும் என்றன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடந்தருகிறது.

இங்கே "பகுதி" என்பது எது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் 2,000 பேர். அவருள் 1,600 பேர் தமிழர் எனக் கொள்வோம். ஊர் அளவில் நூற்றுக்கு எண்பது. அவ்வூர் அடங்கிய ஊராட்சியில் 10,000 பேர் இருந்து, வேறெங்கும் தமிழர் இல்லையெனின் நூற்றுக்குப் பதினாறு; உரிமை மயிரிழையில் தப்பியது. இரண்டு இலட்சம் பேருள்ள வட்டத்தில் வைத்து எண்ணினால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மக்கள் அவர்களே, வீடு அதுவே, பேச்சு அதுவே. கோட்டை அகல வரைந்தால் சிறுபான்மையும் மறைகிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வட்டவடை போன்ற ஊர்களில் தமிழ்ப் பலகையும் தமிழ்ப் பள்ளியும் நிலைப்பது, எந்த வட்டத்திற்குள் வைத்து எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க நாட்டில் 1812-இல் ஜெரி என்னும் ஆளுநர் ஒப்பமிட்ட தொகுதி ஒன்று பல்லி போன்ற பிராணி ஒன்றைப் போல் வளைந்து நெளிந்தமையால், வஞ்சகமாக எல்லை வரைதலுக்கே "ஜெரிமாண்டர்" என்னும் சொல் பிறந்தது. கேரளத்தில் எல்லோரும் அவ்வாறு செய்தனர் என நாம் கூறவில்லை. கவனியாதிருப்பின் வஞ்சமின்றியே அதே தீங்கு விளையும் என்கிறோம்.

நாளும் எல்லையாகும். பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-இல் எழுந்தது. அந்நாளில் முன்னோர் எந்த மாநிலத்தில் குடியிருந்தனர் என்பதைக் கொண்டே இன்றும் சாதிச் சான்று வழங்கப்படுகிறது. பட்டாவே இல்லாத தோட்டத் தொழிலாளியின் பேரன் அதற்கு எந்த ஏட்டைக் காட்டுவான்? பழைய செக்ரோல் ஏட்டிலுள்ள பாட்டன் பெயரே அவனுக்குச் சான்று. அவ்வேடு கரையானுக்கு இரையாயின் படிப்பும் வேலையும் அதனோடு போம்.

ரயில் காட்டும் பாடம்

நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். 1956-இல் போத்தனூர்ப் பிரிவு நீங்கி ஒலவக்கோட்டுப் பிரிவு அமைந்தது. 1979-இல் திருவனந்தபுரமும், 2007 நவம்பர் முதல் நாள் சேலமும் தனிப் பிரிவுகளாயின. கோயம்புத்தூர் சேலத்தைச் சேர்ந்தது. பொள்ளாச்சியோ பாலக்காட்டோடு நின்றது. ஆகவே தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியார் ஒரு வண்டி வேண்டின் மனுவைக் கேரளத்துப் பாலக்காட்டுக்கு அனுப்புகின்றனர். இடுக்கி மாவட்டத்திலோ ரயிலே இல்லை. ஏலமலைத் தொழிலாளிக்கு அண்மையான நிலையம் தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூர். அகலப்பாதைக்காக 2010-இறுதியில் நின்ற அவ்வண்டி 2023 ஜூனில்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மலைத் தமிழர் பட்ட அலைச்சலை அறிந்தோர் அறிவர். யாரிடம் கேட்பது என்று தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. தெரியாதவன் ஆண்டுகளை இழப்பான்.

நாம் செய்யத்தக்கன

கேரளத்தில் 2024-இல் உள்ளாட்சி வார்டுகளின் வரைவு வெளியிடப்பட்டு, மக்களின் ஆட்சேபங்கள் கேட்கப்பட்டன. 2025 டிசம்பரில் புதிய வார்டுகளின்படி தேர்தல் நடந்தது. இத்தகைய வரைவு இனியும் வரும். அப்போது ஊரிலுள்ள நம் உறவினர் படத்தை விரித்துப் பார்த்து, லயம் எந்த வார்டில் விழுகிறது, பள்ளிக்கும் மருந்தகத்திற்கும் நடுவே ஆறு குறுக்கிடுகிறதா என ஆராய்ந்து, குறித்த நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் முதியோரிடமுள்ள பழைய செக்ரோல், பள்ளிச் சான்று, ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் அட்டை முதலியவற்றைப் படி எடுத்துக் காக்கவேண்டும். மக்கட்கணக்கு எடுப்போர் வரும் நாளில் தாய்மொழி தமிழ் என்று தயங்காது பதிவுசெய்யச் சொல்லவேண்டும். மலையாள அண்டையாரோடு ஒன்றுகூடி இவற்றைச் செய்தலே சிறப்பு. குழாயில் நீர் வராவிடில் இருவர் குடமும் வெறுங்குடமே.

பெண்யானை நடந்து எல்லை வகுத்த காலம் போயிற்று. இன்று எல்லை வகுப்பது எழுதுகோல். யானையின் பின்னே ஊரார் திரண்டு நடந்ததுபோல் எழுதுகோலின் பின்னேயும் ஊரார் விழித்து நிற்பாராயின், கல் எங்கு நடப்பட்டாலும் குடிக்குக் கேடில்லை. அவ்விழிப்பை வளர்க்க நம் சங்கம் தன்னாலான பணியைச் செய்யுமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!